லாக்அவுட் செய்தால் டீமக்ஸும் சேர்ந்து போய்விடுகிறது, பழைய சர்வரில் இப்படி இல்லையே?

தாமிரபரணி_கரை:

எல்லோருக்கும் வணக்கம்.

மழைப்பொழிவுத் தரவுகளை வைத்து ஆய்வு செய்யும் மாணவி நான். ஆர் என்ற புள்ளியியல் மொழியில் எழுதிய என் நிரல் ஒன்றைத் தொடங்கினால் முடிய இரண்டு மூன்று நாள் ஆகும். துறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு லினக்ஸ் சர்வர் இருக்கிறது. பழைய சர்வர் இருந்தவரை என் வழக்கம் இதுதான்: எஸ்.எஸ்.எச். என்ற தொலைநுழைவு வழியாக நுழைவேன், டீமக்ஸை (நாம் பிரிந்து போனாலும் உள்ளே இருக்கும் நிரலை ஓட வைத்திருக்கும் டெர்மினல் கருவி) திறப்பேன், உள்ளே நிரலை ஓட விடுவேன், பிரிந்து வெளியே வந்து எக்ஸிட் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவேன். மறுநாள் வந்து பார்த்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தப் பருவத்தில் புதுச் சர்வர் வந்தது. அதில் எக்ஸிட் கொடுத்த சில நொடிகளில் எல்லாமே போய்விடுகிறது. நிரல் மட்டும் இல்லை, டீமக்ஸே இருப்பதில்லை. வெளியேறினாலும் நிரலை ஓட விடும் நோஹப் கட்டளையைப் போட்டு, பின்னணியில் ஓடக் கடைசியில் ஆம்பர்சாண்ட் குறியும் சேர்த்துப் பார்த்தேன். அதுவும் பிழைக்கவில்லை. மெமரி தீர்ந்துபோய் லினக்ஸின் மையமான கெர்னல் கொன்றிருக்குமோ என்று சீனியர் அண்ணன் ஒருவர் கெர்னல் பதிவைப் பார்த்தார். அப்படி ஒரு வரியும் அதில் இல்லை.

இவ்வளவுதான் என்றால் "புதுச் சர்வரில் இப்படித்தான்" என்று விட்டிருப்பேன். இரண்டு விஷயங்கள் பிடிபடவே இல்லை.

லேபில் இருக்கும் கணினியிலிருந்து நுழைந்து டீமக்ஸைத் தொடங்குகிறேன். அந்த ஜன்னலை மூடாமல் திரையை மட்டும் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். வீட்டிலிருந்து நுழைந்து அதே டீமக்ஸில் சேர்கிறேன், பார்க்கிறேன், பிரிகிறேன், எக்ஸிட் கொடுக்கிறேன். நிரலுக்கு ஒன்றும் ஆவதில்லை! அதே டீமக்ஸை வீட்டிலிருந்து தொடங்கியிருந்தால், லேப் ஜன்னல் திறந்தே இருந்தாலும், வீட்டில் எக்ஸிட் கொடுத்ததும் செத்துவிடுகிறது.

அடுத்தது, வீட்டில் அடிக்கடி கரண்ட் போகும். ரவுட்டரும் அணைந்துவிடும். கரண்ட் வந்து மறுபடி நுழைந்தால் நிரல் உயிரோடு இருக்கிறது. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் ஹூ கட்டளை கொடுத்தால் என் பெயர் இரண்டு முறை வருகிறது. அப்பாடா என்று விட்டுவிட்டால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து, நான் எதையும் தொடாதபோது, நிரல் தானாகச் செத்துவிடுகிறது.

சர்வரின் அட்மினிடம் கேட்டேன். "பாதுகாப்புக்காகச் செய்திருக்கிறோம், அப்படித்தான் இருக்கும்" என்பதோடு முடித்துக்கொண்டார். நான் சர்வரை ஏமாற்றும் வழி கேட்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது, இந்த வேலையை முறையாகச் செய்ய வழி என்ன என்று தெரிய வேண்டும்.

குமரி_முனை:

மூன்றும் ஒரே காரணம் என்றுதான் நினைக்கிறேன். வெறும் டெர்மினலில் ஒரு முறை, வீட்டிலிருந்து சேர்ந்த டீமக்ஸுக்குள் ஒரு முறை, இதைக் கொடுத்து வருவதை இங்கே ஒட்டுங்கள்:

கேட் /ப்ராக்/செல்ஃப்/சிகுரூப்

தாமிரபரணி_கரை:

வெறும் டெர்மினலில்: யூசர்.ஸ்லைஸ், அதற்குள் யூசர்-1004.ஸ்லைஸ், அதற்குள் செஷன்-12.ஸ்கோப்.

டீமக்ஸுக்குள்: அதே வரிசைதான், ஆனால் கடைசியில் செஷன்-7.ஸ்கோப். டீமக்ஸை லேபிலிருந்து தொடங்கியிருந்தேன்.

இரவு_ஷிப்ட்:

நீங்கள் ஒட்டிய இரண்டாவது வரியிலேயே விடை இருக்கிறது. பல வருடமாகக் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் லினக்ஸ் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் இனி எந்தச் சர்வருக்குப் போனாலும் உங்களுக்குப் பிரச்சினை வராது.

"லாகின் செஷன்" என்று நாம் பேசும்போது ஒரே ஒரு விஷயம் இருப்பதாக நினைக்கிறோம். இன்றைய லினக்ஸில் அந்தப் பெயருக்குள் குறைந்தது இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. நோஹப், டீமக்ஸ் எல்லாம் முதல் ஏற்பாட்டிலிருந்து மட்டும் தப்பிக்கத் தெரிந்தவை. உங்கள் நிரலைக் கொல்வது இரண்டாவது.

முதலாவது கெர்னலுக்குள் இருக்கும் பழைய யூனிக்ஸ் செஷன். ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) தொடங்கும்போது செட்சிட் என்ற அழைப்பு ஒரு புதுச் செஷனை உருவாக்கும், அதற்கு ஒரு டெர்மினல் சொந்தமாகும். டெர்மினல் அறுந்தால் கெர்னல் அந்தச் செஷனின் தலைமை ப்ராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்தான் ப்ராசஸ்), அதாவது உங்கள் ஷெல்லுக்கு, சிக்ஹப் என்ற சிக்னலை அனுப்பும். ஷெல் அதைத் தன் கீழ் ஓடும் வேலைகளுக்கும் அனுப்பிவிட்டு முடிந்துவிடும். தொலைபேசி மோடம் வழியாகக் கணினியில் நுழைந்த காலத்தில் லைன் கட்டானால் பயனர் போய்விட்டார் என்று அர்த்தம். அதற்கென்று வந்த ஏற்பாடு இது. நோஹப் அந்த ஒரு சிக்னலைக் காதில் வாங்காதபடி செய்கிறது, அவ்வளவுதான். டீமக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தன் சர்வர் ப்ராசஸைப் பிரித்து, அதற்குச் சொந்தமாகப் புதுச் செஷன் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. உங்கள் டெர்மினல் அறுந்தால் அதற்குச் செய்தியே போகாது. பழைய சர்வரில் உங்களைக் காப்பாற்றியது இதுதான்.

இதில் அட்மின்களுக்கு நெடுநாளாக ஒரு தலைவலி இருந்தது. செட்சிட் அழைத்துப் பிரிந்துபோன ப்ராசஸ் எந்த லாகினில் தொடங்கியது என்பதை அதன்பிறகு கெர்னலிடம் உறுதியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. பயனர் எண்ணை வைத்துத் தேடலாம். ஆனால் அவர் மூன்று இடத்திலிருந்து நுழைந்திருந்தால் எது எந்த லாகினின் எச்சம் என்று பிரிக்க முடியாது. நாற்பது பேர் புழங்கும் சர்வரில் போன மாதம் யாரோ மறந்துவிட்டுப் போன நிரல் பாதி மெமரியைத் தின்றுகொண்டிருக்கும். அதை நிறுத்தலாமா, யாராவது வேண்டுமென்றே விட்டதா என்று தெரியாமல் அட்மின் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். நான் நின்றிருக்கிறேன்.

2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் சி-குரூப் என்ற ப்ராசஸ் குழு வசதி சேர்ந்தது. ஒரு ப்ராசஸை ஒரு குழுவில் போட்டால் அது பெற்றெடுக்கும் ப்ராசஸ்கள் எல்லாம் அதே குழுவிலேயே பிறக்கும். செட்சிட் செய்தாலும், இரண்டு முறை ஃபோர்க் செய்து தன்னை நகலெடுத்துக்கொண்டாலும் குழு மாறாது. பிறகு, லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்-டி வந்தது. அதன் லாகின்-டி என்ற பகுதி இதைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் எஸ்.எஸ்.எச். வழியாக நுழையும்போது பாஸ்வேர்டையோ சாவியையோ எஸ்.எஸ்.எச். சர்வர் சரிபார்த்த பிறகு, பாம் என்ற அங்கீகார அடுக்கின் செஷன் கட்டம் ஓடும். அதில் இருக்கும் பாம்_சிஸ்டம்டி என்ற துணுக்கு லாகின்-டியிடம் "1004 எண் பயனர் உள்ளே வந்திருக்கிறார்" என்று சொல்லும். லாகின்-டி அதற்கு ஓர் எண் போட்டு, செஷன்-7.ஸ்கோப் என்று ஒரு சி-குரூப் திறந்து உங்கள் ஷெல்லை அதற்குள் வைக்கும். நீங்கள் அதன்பின் தொடங்குவது எல்லாம், டீமக்ஸ் உட்பட, ஏழாம் எண்ணுக்குள்தான்.

இப்போது உங்கள் முதல் புதிர். டீமக்ஸ் லேபிலிருந்து தொடங்கியது, ஆகவே அது ஏழாம் செஷனின் பிள்ளை. வீட்டிலிருந்து பன்னிரண்டாம் செஷன் வழியாக வந்து நீங்கள் சேர்வது வெறும் பார்வையாளராக. பன்னிரண்டு முடிந்தால் ஏழுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டிலிருந்து தொடங்கினால் பன்னிரண்டின் பிள்ளை. பன்னிரண்டு முடியும்போது அதையும் சேர்த்துத்தான் காலி செய்வார்கள், லேப் ஜன்னல் திறந்திருந்தாலும். கல்யாண மண்டபத்தைக் காலி செய்யும்போது மூலையில் பாய் விரித்துத் தூங்குகிறவரையும் எழுப்பிவிடுவது போலத்தான் இது.

காலி செய்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது ஒரே ஒரு வரி. ஈடிசி அடைவின் கீழ் சிஸ்டம்டி அடைவில் இருக்கும் லாகின்டி.கான்ஃப் கோப்பில் "கில்யூசர்ப்ராசஸஸ்" என்ற அமைப்பு. 2016 மே மாதம் வந்த சிஸ்டம்-டி 230-ஆம் பதிப்பு இதன் இயல்பு நிலையை "இல்லை" என்பதிலிருந்து "ஆம்" என்று மாற்றியது. அப்போது பெரிய சண்டையே நடந்தது. டீமக்ஸ், அதைப் போன்ற ஸ்க்ரீன் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் கொதித்துப்போனார்கள். டெபியன் அதை மறுபடி "இல்லை" என்று திருப்பி வைத்தே வெளியிட்டது, உபுண்டுவிலும் அப்படித்தான். உங்கள் பழைய சர்வர் அந்த வகை. புதுச் சர்வரில் உங்கள் அட்மின் "ஆம்" என்று வைத்திருக்கிறார். நீங்களே பார்க்கலாம், ரூட் (அட்மின்) அனுமதி தேவையில்லை:

சிஸ்டம்டி-அனலைஸ் கேட்-கான்ஃபிக் சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப்

"ஆம்" என்றிருந்தால் செஷன் முடிந்ததும் அந்த ஸ்கோப்பில் மிச்சம் இருக்கும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்ற சிக்னல்), கூடவே சிக்ஹப், அதற்கும் போகாவிட்டால் சற்று நேரத்தில் சிக்கில் (கட்டாயமாகக் கொல்வது). நோஹப் தடுப்பது சிக்ஹப்பை மட்டும். சிக்டெர்ம் வந்தால் உங்கள் ஆர் நிரல் போய்த்தான் ஆக வேண்டும். கெர்னல் பதிவில் ஏன் ஒன்றும் இல்லை என்பதற்கும் காரணம் இதுவே: கொன்றது மெமரிப் பற்றாக்குறை இல்லை, முறைப்படி அனுப்பிய சிக்னல்.

கரண்ட் போகும் கதைக்கு வருவோம். ரவுட்டர் அணைந்தால் உங்கள் பக்கத்திலிருந்து "போய் வருகிறேன்" என்று எந்தப் பாக்கெட்டும் போகாது. சர்வரைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் ஹூ உங்கள் பெயரை இரண்டு முறை காட்டுகிறது: ஒன்று உண்மையான நீங்கள், இன்னொன்று அறுந்துபோன இணைப்பு. எஸ்.எஸ்.எச். இணைப்புகளுக்கு, மறுமுனை இருக்கிறதா என்று பார்க்கும் டி.சி.பி.யின் உயிர்ச்சோதனை இயல்பாகவே இயங்கும். லினக்ஸில் அது முதல் சோதனைக்கு முன் 7200 நொடி காத்திருக்கும். பிறகு 75 நொடிக்கு ஒன்றாக 9 முறை தட்டிப் பார்க்கும். எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி 11 நிமிடம். "இரண்டு மணி நேரத்துக்கு மேல்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அந்த நேரம் முடிந்ததும் சர்வர் இணைப்பைக் கைவிடுகிறது, செஷன் முடிகிறது, ஸ்கோப் காலியாகிறது, உங்கள் நிரலும் போகிறது. நீங்கள் அந்த நேரத்தில் எதைத் தொட்டீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அறுந்த பக்கத்தில் திரைக்கு ஏதாவது எழுத்து வந்துகொண்டே இருந்திருந்தால் இவ்வளவு நேரம்கூட ஆகாது, பதில் வராத பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்துக் கால் மணி நேரம் போல விட்டுவிடும்.

சரி, முறையான வழி. செஷனிலிருந்து தப்பிப்பதை விட்டுவிடுங்கள். இந்த வேலை செஷனுக்குச் சொந்தமில்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். நீங்கள் முதன்முதலில் நுழையும்போது லாகின்-டி இன்னொன்றும் செய்கிறது: யூசர்@1004.சர்வீஸ் என்று உங்களுக்கென்று ஒரு தனி சிஸ்டம்-டி மேலாளரைத் தொடங்குகிறது. எத்தனை இடத்திலிருந்து நுழைந்தாலும் ஒருவருக்கு ஒன்றுதான். அது எந்த ஒரு செஷனுக்குள்ளும் இல்லை. டீமக்ஸை அதன் கீழ் பிறக்க வைக்கலாம்:

சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப் டீமக்ஸ்

இப்படித் தொடங்கிவிட்டு உள்ளே சிகுரூப்பைப் பாருங்கள். செஷன் என்ற சொல்லே வராது, யூசர்@1004.சர்வீஸ் என்று வரும். இதோடு முடியவில்லை. உங்கள் கடைசிச் செஷனும் முடிந்தால் அந்த மேலாளரும் பத்து நொடி போலக் காத்திருந்துவிட்டுப் போய்விடுவார். அவரை இருக்கச் சொல்ல வேண்டும்:

லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்

ஒருமுறை கொடுத்தால் போதும். வார்/லிப்/சிஸ்டம்டி/லிங்கர் அடைவில் உங்கள் பெயரில் காலியான ஒரு கோப்பு உருவாகும், சர்வர் மறுபடி தொடங்கினாலும் உங்கள் மேலாளர் எழுந்துவிடுவார். நான் சொன்ன அதே 230-ஆம் பதிப்பிலேயே, ஒருவர் தனக்குத்தானே லிங்கர் போட்டுக்கொள்ள அட்மின் அனுமதி தேவையில்லை என்று விதியைத் தளர்த்தினார்கள். உங்கள் அட்மின் அதை இறுக்கி வைத்திருந்தால் மறுப்புச் செய்தி வரும். வந்தால் அவரிடம் குறிப்பாக "எனக்கு லிங்கர் வேண்டும்" என்று கேளுங்கள்.

உங்கள் அட்மின் செய்ததை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். பலர் புழங்கும் கணினியில் ஒருவர் வெளியேறினால் அவர் விட்டுப்போனதும் வெளியேற வேண்டும், வேண்டுமென்று விடுபவை வெளிப்படையாகப் பதிவாக வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்று நாள் ஓடும் கணக்குகளை நம்பி ஆய்வு செய்யும் பிள்ளைகளிடம் இந்த இரண்டு கட்டளைகளையும் முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். "அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பியது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

திருப்பூர்_கணக்கு:

இரவு_ஷிப்ட் அண்ணா, நல்ல விளக்கம். எங்கள் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான தொல்லை, அதையும் சொல்லி வைக்கிறேன். பின்னலாடை ஏற்றுமதி அலுவலகங்களின் விண்டோஸ் சர்வர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். கணக்குப் பிள்ளைகள் எல்லோரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து கணக்கு எழுதுவார்கள். சாயங்காலம் மேலே இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அது லாக்ஆஃப் இல்லை, டிஸ்கனெக்ட் மட்டும். அவர்கள் செஷன், திறந்த கோப்புகள், பூட்டி வைத்த பில், எல்லாம் சர்வரில் அப்படியே இருக்கும். காலையில் வேறொருவர் அந்தப் பில்லைத் திறக்க முடியாமல் எனக்கு போன் செய்வார்.

க்யூயூசர் என்று கட்டளை கொடுத்தால் யார் யார் ஆக்டிவ், யார் டிஸ்க் (துண்டித்த) நிலையில், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்று வரிசையாக வரும். லாக்ஆஃப் கட்டளையுடன் அந்த எண்ணைக் கொடுத்தால் முடிந்துவிடும். தினமும் கையால் செய்ய முடியாது என்பதால் குரூப் பாலிசியில் துண்டித்த செஷனுக்கு நேர வரம்பு வைத்துவிட்டேன். வைப்பதற்கு முன் எல்லோரையும் கூப்பிட்டு, சேமிக்காமல் போகாதீர்கள் என்று சொன்னேன். அண்ணா சொன்னது சரிதான், சொல்லாமல் இதையெல்லாம் வைக்கக் கூடாது.

செக்யூரிட்டி பதிவில் எண்களை வைத்தும் பிரித்துப் பார்க்கலாம்: 4624 நுழைந்தது, 4647 பயனரே லாக்ஆஃப் கொடுத்தது, 4779 துண்டித்தது, 4778 மறுபடி இணைந்தது. "நான் நேற்று முறையாகத்தான் வெளியே வந்தேன்" என்று யாராவது சொன்னால் திட்டாமல், சண்டை போடாமல் இதைத் திறந்து காட்டுவேன்.

அப்புறம், இரவில் ஓட வேண்டிய வேலையை விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டு, பயனர் நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு என்று வைப்போம். அது பூஜ்யம் எண் செஷனில் ஓடும். விஸ்டாவிலிருந்து அந்தச் செஷன் சர்வீஸ்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள், திரையில் ஒன்றும் தெரியாது. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது: பகலில் இசட் என்று மேப் செய்த டிரைவ் அங்கே இருக்காது. டிரைவ் எழுத்து ஆளுக்கு இல்லை, அவருடைய அந்த லாகினுக்குச் சொந்தம். அதனால் பேக்கப் வேலைகளில் எப்போதும் சர்வர் பெயரோடு முழுப் பாதையையும் எழுதுவேன்.

தாமிரபரணி_கரை:

இரவு_ஷிப்ட் சார், மிக்க நன்றி. ஒவ்வொரு வரியாகச் செய்து பார்த்தேன். கோப்பில் "ஆம்" என்றுதான் இருக்கிறது. லிங்கருக்கு மறுப்பு வரவில்லை. டீமக்ஸைப் புது முறையில் தொடங்கி, லேபிலும் வீட்டிலும் எல்லா ஜன்னலையும் மூடிவிட்டேன். இப்போது காலையில் நுழைந்து பார்த்தால் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. சிகுரூப்பில் யூசர்@1004.சர்வீஸ் என்றே வருகிறது.

ஒரு இடத்தில் மட்டும் சிக்கல். பெரிய தரவுகள் எங்கள் குழுவின் பொதுக் கணக்கில் இருக்கின்றன. அதற்கு நேராக நுழைவதில்லை, எங்கள் கணக்கில் நுழைந்து சூடோ வழியாக அந்தக் கணக்குக்கு மாறுவோம். அங்கே அதே சிஸ்டம்டி-ரன் கட்டளை கொடுத்தால் பஸ்ஸுடன் (மேலாளரோடு பேசும் வழி) இணைய முடியவில்லை, எக்ஸ்டிஜி ரன்டைம் டிர் என்ற மாறி வரையறுக்கப்படவில்லை என்று பிழை வருகிறது. லிங்கர் என் கணக்குக்கு மட்டும் போட்டதாலா?

இரவு_ஷிப்ட்:

ரொம்ப சந்தோஷம். இந்தப் பிழைக்குப் பாதிக் காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இன்னொரு பாதி, சூடோவோ எஸ்யூவோ புது லாகின் ஆகாது. ஏற்கெனவே ஒரு செஷனுக்குள் இருந்துகொண்டு இன்னொருவராக மாறினால் பாம்_சிஸ்டம்டி புதுச் செஷன் எதையும் திறக்காது. நீங்கள் யாராக மாறினாலும் உங்கள் பழைய ஸ்கோப்பிலேயே இருப்பீர்கள். நுழைந்தது யார் என்பதைக் கெர்னலும் மறக்காது: ப்ராக்/செல்ஃப்/லாகின்யூஐடி கோப்பைப் பாருங்கள், பொதுக் கணக்குக்கு மாறிய பிறகும் 1004 என்றே காட்டும். தணிக்கைப் பதிவுகளில் உண்மையான ஆள் தெரிய வேண்டும் என்பதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் இது நல்லதுதான், பொதுக் கணக்கில் யாராவது எதையாவது அழித்தால் பழி எல்லோர் மேலும் விழாது.

ஆகவே பொதுக் கணக்குக்கு மேலாளர் தொடங்கவே இல்லை, ரன்/யூசர் அடைவின் கீழ் அதற்கென்று இடமும் இல்லை. அட்மினிடம் பொதுக் கணக்கின் பெயரைக் கொடுத்து அதற்கும் லிங்கர் போடச் சொல்லுங்கள். இது இன்னொருவர் கணக்கு என்பதால் அவர்தான் செய்ய வேண்டும். போட்ட கணமே அந்தக் கணக்கின் மேலாளர் எழுந்துவிடுவார், யாரும் நுழையத் தேவையில்லை. அதன்பின் நீங்கள் வழக்கம் போல சூடோவில் மாறி, இதை ஒருமுறை கொடுத்துவிட்டு சிஸ்டம்டி-ரன் கொடுங்கள்:

எக்ஸ்போர்ட் எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர்=/ரன்/யூசர்/பொதுக் கணக்கின் எண்

எண் தெரியாவிட்டால் ஐடி கட்டளை சொல்லும். சாவி வைத்து அதே சர்வருக்குள்ளேயே எஸ்.எஸ்.எச். செய்து அந்தக் கணக்கில் நுழைவது இன்னொரு வழி. அப்போது உண்மையான புதுச் செஷன் கிடைக்கும், எக்ஸ்போர்ட் வரியைக் கையால் கொடுக்க வேண்டாம். ஆனால் தணிக்கையில் உங்கள் 1004 போய்விடும், பொதுக் கணக்கின் எண் வரும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

இதே ஊரில் இன்னொரு பொறியும் இருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு அட்மின் உங்களைப் புதுக் குரூப்பில் சேர்த்து, தரவு அடைவுக்கு அனுமதி கொடுப்பார் என்று வையுங்கள். குரூப் பட்டியல் நுழையும்போது ப்ராசஸில் பதிந்துவிடும், நடுவில் மாறாது. "வெளியே போய் உள்ளே வா" என்று எல்லோரும் சொல்வார்கள். லிங்கர் போட்டிருக்கும் உங்களுக்கு அது போதாது. ஷெல்லில் புது குரூப் வந்திருக்கும், ஆனால் மேலாளர் பழையவர், அவர் தொடங்கும் சர்வீஸ்களில் பழைய பட்டியலே இருக்கும். அப்போது அட்மினிடம் யூசர்@1004.சர்வீஸை மறுதொடக்கம் செய்யச் சொல்ல வேண்டும். அதன் கீழ் ஓடும் நிரல்களும் அதோடு போய்விடும், ஆகவே கணக்கு முடிந்த நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.

டீமக்ஸ் இல்லாமலும் செய்யலாம். நிரலுக்கு நடுவில் நீங்கள் ஒன்றும் தட்டச்சு செய்வதில்லை என்றால் ஸ்கோப் என்பதை எடுத்துவிட்டு யூனிட் பெயர் ஒன்று கொடுங்கள்:

சிஸ்டம்டி-ரன் --யூசர் --யூனிட்=மழை -பி மெமரிமேக்ஸ்=24ஜி ஆர்ஸ்க்ரிப்ட் மாதிரி.ஆர்

நிரல் எழுதும் செய்தி எல்லாம் சிஸ்டம்-டியின் பதிவேடான ஜர்னலில் போய்விடும், பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். மெமரிமேக்ஸ் என்பது உச்ச வரம்பு. பொதுவான சர்வரில் உங்கள் நிரல் எல்லை மீறினால் அது மட்டும் நிற்கும், பக்கத்தில் ஓடும் மற்றவர் கணக்கு கெடாது. அட்மினிடம் லிங்கர் கேட்கும்போது இந்த வரியையும் காட்டுங்கள். நானாக இருந்தால் உடனே போட்டுக் கொடுப்பேன்.

தாமிரபரணி_கரை:

அட்மினைப் போய்ப் பார்த்தேன் சார். மெமரிமேக்ஸ் வரியைக் காட்டியதும் முகம் மாறிவிட்டது. பொதுக் கணக்குக்கு அங்கேயே லிங்கர் போட்டுக் கொடுத்தார். நீங்கள் எழுதியதைத் தமிழிலேயே அச்செடுத்து லேப் பலகையில் ஒட்டவா என்று கேட்டேன், ஒட்டச் சொல்லிவிட்டார்.

"மழை" யூனிட் பொதுக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சின்னக் கேள்வி மட்டும் மிச்சம்: நடுவில் நானே நிறுத்த வேண்டுமென்றால்?

குமரி_முனை:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டாப் மழை. பொதுக் கணக்குக்கு மாறிய பிறகு, அந்த எக்ஸ்போர்ட் வரியையும் கொடுத்துவிட்டு.